வலப்பக்கம் கொஞ்சம் தளர்வாக

மார்ச் 4

உனக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க முடியவில்லை. நலமாக இருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன் என்று உனக்கும் தெரியும். ஆறு வருடமாக உன் கடிதங்கள் இந்த வீட்டுக்கு வருகின்றன. ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘அண்ணியைக் கேட்டதாகச் சொல்’ என்று இருக்கும். அவரும் சொல்வார். நானும் தலையாட்டுவேன். நமக்குள் போக்குவரத்து அவ்வளவுதான்.

உன் அண்ணனுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. முன்னால் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு பின்னாலேயே திரும்பிவிடுகிறதாம். நெஞ்சைத் திறந்து சரிசெய்ய வேண்டும் என்கிறார்கள். ஆட்களைத் தூக்குகிற லிஃப்டைப் பழுது பார்க்கிறவர், இரண்டு மாடி ஏறுவதற்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். படி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொன்னதற்கு, “லிஃப்ட் ஓடாத இடத்துக்குத்தானே டாக்டர் என்னைக் கூப்பிடுவாங்க?” என்று கேட்டார். மருத்துவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். “சுண்டெலிக்குத் தெரிஞ்சா அவளும் பயப்படுவா, அவ உள்ள இருக்கறதும் பயப்படும்” என்றார். வீடு ஒரே அறை. ஃபோனில் பேசினால் அவர் காதில் விழும், கடையில் பேசினால் முதலாளி காதில். அதனால்தான் கடையிலிருந்து எழுதுகிறேன். நீயும் கடை முகவரிக்கே எழுது. சலவைக் கடை, உள்ளே தையல் பகுதி என்று போட்டால் வந்துவிடும்.

உன்னைக் கேட்க ஒரு காரணம் இருக்கிறது. இந்த மாதிரி அறுவைச் சிகிச்சையில் சிறுநீரகம் அடிவாங்கும் என்று காத்திருப்பு அறையில் ஒரு பெண்மணி பேசிக்கொண்டிருந்தார். உன் அண்ணனிடம் மிச்சம் இருப்பது ஒன்று. இன்னொன்று ஆறு வருடமாக எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். மருத்துவமனையில் அவருடைய விலாத் தழும்பைப் பார்த்துக் கேட்டபோது, “கல்லு எடுத்தது” என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை. வெளியே வந்து கேட்டால், “தியாகின்னு பேரு வாங்கிட்டா அப்புறம் ஒரு டீகூட நிம்மதியா குடிக்க முடியாது” என்கிறார்.

இரண்டு வாரத்தில் ஏதோ சாயம் செலுத்தி ரத்தக் குழாய்களைப் படம் எடுக்கப் போகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்? இந்த உறுப்பைப் பற்றி எனக்குத் தெரிந்தவர்களில் அதிகம் தெரிந்தவள் நீதான்.

உன் அண்ணன் மனைவி


மார்ச் 8

அன்புள்ள அண்ணி,

உங்கள் கையெழுத்து எப்படி இருக்கும் என்று இதுவரை எனக்குத் தெரியாது. உறையைப் பார்த்தபோது யாரோ வழி தவறி எழுதிவிட்டதாக நினைத்தேன்.

உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அந்தச் சாயம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். இரண்டு இருப்பதாக நினைத்து ஒன்றின் மேல் அந்த வேலையைச் சுமத்தக் கூடாது. சாயத்துக்கும் அறுவைக்கும் நடுவில் சில நாள் இடைவெளி விட முடியுமா என்று கேளுங்கள். ஓர் அடி வாங்கியது, அடுத்ததற்கு முன் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டுமே.

அடுத்தது, தோள்வலிக்கு அவன் போடும் மாத்திரை. சட்டைப் பையில் எப்போதும் ஓர் அட்டை இருக்கும், வெற்றிலை போடுகிறவர்கள் மாதிரி. சட்டைப் பையில் இல்லையென்றால் கருவிப் பையில் தேடுங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது விஷம். நம்மை என்று எழுதிவிட்டேன். நான் அவனையும் என்னையும் சொன்னேன்.

மூன்றாவது தண்ணீர். நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். என் மருத்துவர் எனக்குச் சொன்ன முதல் விஷயமும் அதுதான், இன்றுவரை ஒவ்வொரு முறையும் சொல்கிற கடைசி விஷயமும் அதுதான். நாளுக்கு மூன்று லிட்டர். மறுப்பான், விடாதீர்கள்.

நான் நலம். பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் வேலை வீட்டுக்கே வந்துவிடுகிறது. நான் போடும் மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும், கூட்டத்துக்குள் போகக் கூடாது என்பதால் கடைக்குக்கூட ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போவேன். சில நாள் நான் பேசும் ஒரே ஆள் தாள்கட்டு கொண்டுவரும் அச்சகத்துப் பையன். அவனும் “வந்துடுச்சுக்கா”, “போய்ட்டு வரேன்க்கா” இரண்டோடு முடித்துக்கொள்வான்.

மறுபடி எழுதுவீர்களா?

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


மார்ச் 15

உனக்கு,

சொல்லிவிட்டேன். அவர் மருந்துக் கடைக்குப் போன சமயம் பார்த்து உள்ளே நுழைந்து சொன்னேன். மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நல்லவேளை இப்பவாவது சொன்னீங்களேம்மா” என்றார், அவ்வளவுதான். ஸ்கேன் எடுத்தார்கள். சாயத்தின் அளவைக் குறைப்பதாகவும், படம் எடுத்த பிறகு சில நாள் பொறுத்து, ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தால் மட்டுமே அறுவை என்றும் சொன்னார். உன் அண்ணன் திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் என்னோடு அன்று முழுக்கப் பேசவில்லை. சாயங்காலம் ஒரே வாக்கியம்: “ஊருக்கே மைக் வெச்சு சொல்லிடு.”

மாத்திரை அட்டைகள் கருவிப் பையில், ஸ்பேனருக்குக் கீழே இருந்தன. குப்பையில் போட்டேன். உள்ளே இருப்பது எனக்குத் தெரியாமலே அந்தப் பை என் வீட்டில் இத்தனை வருடம் தொங்கியிருக்கிறது. எங்கே தேட வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

தண்ணீர் விஷயத்தில் நான் விடவில்லை. கடைக்குக் கிளம்பும் முன் பாட்டில்களை வரிசையாக வைத்துவிட்டுப் போகிறேன். வந்து பார்த்தால் காலியாக இருக்க வேண்டும். “நான் என்ன செடியாடி?” என்கிறார். “பூத்தா தெரியும்” என்றேன். கல்யாணமான புதிதில் பேசிக்கொண்ட மாதிரி இருந்தது. யார் சொன்னது என்று கேட்டதற்கு, கடை வாடிக்கையாளர் ஒருவர் சொன்னதாகச் சொன்னேன்.

நான் தையல்காரி, உடம்பை அளவில்தான் பார்ப்பேன். அவருக்குச் சட்டைக் காலர் தளர்ந்திருக்கிறது. ஆனால் சாக்ஸைக் கழற்றினால் காலைச் சுற்றிப் பள்ளமாகத் தடம் விழுகிறது, வெகுநேரம் மறைவதில்லை. போன வாரத்தைவிட இந்த வாரம் ஆழம். புது சாக்ஸ் வாங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: எழுதிவிட்டேனே.

உன் அண்ணன் மனைவி


மார்ச் 19

அண்ணி,

தண்ணீரை நிறுத்துங்கள். சாக்ஸ் தடம் சாக்ஸால் வருவதில்லை, உடம்பில் நீர் தங்கி வருவது. கடிதத்தைப் படித்த கையோடு கடைக்கு ஃபோன் செய்தேன். “அவங்க வரலம்மா, வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க” என்றார் முதலாளி. எந்த மருத்துவமனை என்று அவருக்குத் தெரியவில்லை. உங்கள் எண்ணுக்கு அடித்தேன், அணைத்து வைத்திருக்கிறீர்கள். அவன் எண்ணுக்கு அடிக்க எனக்கு அனுமதி இல்லை. எனக்கு ஒன்றும் தெரியாது அல்லவா?

ஒரு வரி போதும். எப்படி இருக்கிறான்?


மார்ச் 22

உனக்கு,

இருக்கிறார். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

பதினெட்டாம் தேதி காலையில் படுக்கவே முடியவில்லை. தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடி, மூக்கால் வாயால் எல்லாவற்றாலும் மூச்சை இழுத்தார். தண்ணீருக்குள் இருந்து வெளியே எட்டிப் பார்க்கிற மாதிரி முகம். ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குப் போனோம். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். ஊசி போட்டு இறக்கினார்கள். இரண்டு நாளில் உடம்பிலிருந்து ஒரு குடம் தண்ணீர் போயிருக்கும்.

நீ உன் உடம்புக்குச் சொன்னதை அவர் உடம்புக்குச் சொல்லிவிட்டாய். உன் இதயம் நல்லது, ஊற்றியதை அது அனுப்பிவிடும். அவருடையது அப்படியில்லை. சிறுநீரகம் கேட்பது ஒன்று, இதயம் தாங்குவது ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கத்தான் மருத்துவமனையில் இத்தனை பேர் இருக்கிறார்கள். தண்ணீரை அளவாகக் குடிக்க வேண்டும் என்று அவர் தனியாகப் போன முதல் நாளே சொல்லி அனுப்பினார்களாம். வீட்டுக்கு வந்து அவர் அதைச் சொல்லவே இல்லை. தழும்பு விஷயம் சொன்ன அன்று நானாவது தண்ணீரைப் பற்றிக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. நீ சொல்லியிருந்தாய், அது போதுமென்று இருந்துவிட்டேன். உன்னை நான் நம்பிய முதல் விஷயம் அது.

மருத்துவர் வந்து, “யார் இவருக்கு இவ்வளவு தண்ணி குடுக்கச் சொன்னது?” என்று கேட்டார். வார்டு முழுக்கக் கேட்டது. “நான்தான்” என்றேன். “யாராவது சொன்னாங்களா?” என்றார். “இல்ல டாக்டர், நானாத்தான்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லையென்று நினைத்துவிடாதே. இருக்கிறது. ஆறு வருடமாக இருக்கிறது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, என் கணவரின் உடம்பில் ஒரு பாகம் போகப் போகிறது என்று கையெழுத்துப் போடும் மேசையில்தான் எனக்குத் தெரிந்தது. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரியென்றுதான் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு ஆறவில்லை. ஆனால் அந்த வார்டில், முன்பின் தெரியாதவர்கள் மத்தியில் உன்னை நிறுத்தி ஏச வைக்க மனம் வரவில்லை. அதை நான் செய்துகொள்கிறேன்.

இப்போது தேறியிருக்கிறார். சாயப் படம் நாளை. பிறகு சில நாள் பொறுத்து அறுவை.

உன் அண்ணன் மனைவி


மார்ச் 26

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பிழை திருத்துவது என் தொழில். ஒரு வாக்கியம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பார்ப்பதற்கே எனக்குச் சம்பளம். எனக்குச் சொன்ன வாக்கியத்தை வேறு புத்தகத்தில் வைத்துவிட்டேன்.

கோபம் உங்களிடமே இருக்கட்டும். அது உங்களுடையது. குறைத்துக்கொள்ளச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

இந்த வாரம் எனக்குத் தண்ணீர் குடிப்பது கஷ்டமாக இருக்கிறது. கட்டாயம் குடிக்க வேண்டும், குடிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு தம்ளரையும் சமையலறைத் தொட்டியருகில் நின்றுகொண்டே முடிக்கிறேன், யாரோ பார்த்துவிடுவார்கள் என்பது போல. என் ஜன்னலுக்கு எதிரே ஒரு சுவர். அதில் மழைநீர்க் குழாய் ஒன்று இறங்குகிறது. மழை பெய்யும்போது அந்தக் குழாய்க்குள் சத்தம் கேட்கும். அவ்வளவுதான் என் வீட்டில் பேச்சு. வலது பக்க அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மற்றவர்களுக்குச் சிறுநீரகம் உள்ளே, முதுகுப் பக்கம் ஆழத்தில் இருக்கும். எனக்கு வைத்தது இங்கே தோலுக்குக் கீழேயே இருக்கிறது. தொட்டால் தெரியும். அண்ணனைத் தொட்ட மாதிரி இருக்கும் என்று எழுதினால் சிரிப்பீர்கள். அவனிடம் ஒருமுறை சொன்னேன். “அப்போ குட்டுறதுக்கு வசதியாப் போச்சு” என்றான்.

இதை அவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுவேன். முடியாது என்று தெரிந்துகொண்டு சொல்வது சுலபம் என்பதும் தெரிகிறது.

அறுவை அன்று நான் வரவா? வார்டுக்குள் வர மாட்டேன், எனக்கு அது ஆபத்து. வெளியே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நிற்கிறேன். நீங்கள் என்னைப் பார்க்கக்கூட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 3

உனக்கு,

நீ வர வேண்டாம் என்று எழுதத்தான் காகிதம் எடுத்தேன். ஆனால் அறுவை நேற்றே முடிந்துவிட்டது. உன் கடிதம் கடையில் கிடந்திருக்கிறது, இன்றுதான் முதலாளி கொண்டுவந்து கொடுத்தார்.

நேற்றுக் காலை அழைத்துப்போனார்கள். அதற்கு முன் ஒரு பெண் வந்தாள். உன் வயதுதான் இருக்கும். இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் ரத்தத்தை ஓட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது அவள்தான். “ஒரு கிட்னிதான்னு எழுதியிருந்தது. பிரஷர் இறங்காம பாத்துக்கறேன் சார்” என்றாள். “லிஃப்ட்ல கரண்ட் போச்சுன்னா பேட்டரில ஓட்டுவோம். அது மாதிரியாம்மா?” என்று கேட்டார் உன் அண்ணன். “அதேதான். ஆனா நான் நடுவுல நிறுத்த மாட்டேன்” என்றாள். மயக்க மருந்து கொடுப்பவரும் வந்து, சிறுநீரகத்துக்கு ரத்தம் நன்றாகப் போவதற்காக ஏதோ சத்து மருந்தைச் சொட்டாக ஏற்றப்போவதாகச் சொன்னார். நாம் இருவரும் இங்கே தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்த விஷயத்தை, அங்கே நாலைந்து பேர் ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வால்வு சரியாகிவிட்டது. ஆனால் படுக்கையோரம் தொங்கும் பையில் சிறுநீர் சரியாக இறங்கவில்லை. நர்ஸ் மணிக்கு ஒருமுறை குனிந்து பார்க்கிறாள், எழுதுகிறாள், முகத்தில் எதையும் காட்டாமல் போகிறாள். என்னை ஒரு நாளைக்கு இருமுறைதான் உள்ளே விடுகிறார்கள். நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஏப்ரல் 5

அனுப்பவில்லை, தொடர்கிறேன். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவின் அளவு ரத்தத்தில் ஏறியிருக்கிறது. இப்படியே போனால் டயாலிசிஸ் வேண்டியிருக்கலாம் என்றார் மருத்துவர். காத்திருப்பு அறையில் என்னைத் தவிர எல்லோருக்கும் யாராவது இருக்கிறார்கள். டிஃபன் பாத்திரம் திறக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஒருவர் தோளில் ஒருவர் தூங்குகிறார்கள். வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ நின்றிருக்கலாம் என்று தோன்றியது. உன்னைத் தவிர வேறு யாரிடம் ‘பையில் இன்னும் இறங்கவில்லை’ என்று சொல்ல முடியும்?

ஏப்ரல் 8

இறங்குகிறது. நேற்றிலிருந்து. முதலில் கொஞ்சம், பிறகு நர்ஸே சிரிக்கிற அளவுக்கு. டயாலிசிஸ் வேண்டாம். ஒற்றையாளாக இருந்தாலும் எழுந்து வேலைக்கு வந்துவிட்டது. அவருக்கு முழு நினைவு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “சுண்டெலிக்குத் தெரியாதுல்ல?” என்பதுதான். “தெரியாது” என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தேன். உனக்கு முன்னால் நோயில்லாதவராக இருப்பதுதான் அவருக்கு மிச்சமிருக்கும் பெருமை. அதை உடைக்க நான் தயாரில்லை.

அதனால் இதோடு நிறுத்திக்கொள்வோம். கடைக்கு என் பெயரில் கடிதம் வருவதை முதலாளியும் கவனிக்கத் தொடங்கிவிட்டார். நமக்கு எழுதிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது, அது நல்லபடியாக முடிந்தது. உன் கடிதங்களைக் கடை அடுப்பில், இஸ்திரிக் கரியோடு போட்டுவிட்டேன். நீயும் அப்படியே செய். அவருக்கு எப்போதும் போல எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணி,

நிறுத்திக்கொள்ளலாம். இது கடிதம் இல்லை, கூட வரும் பொட்டலத்துக்கான சீட்டு.

அண்ணன் எழுதியிருக்கிறான். வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தானாம். பெரிய கட்டடமாம், ஏகப்பட்ட லிஃப்டாம், அதனால்தான் எழுதத் தாமதமாம். கையெழுத்து கோணிக்கொண்டு போகிறது. ‘உள்ளே இருக்கிறவன் சௌக்கியமா, ஒழுங்கா தண்ணி குடிக்கிறியா?’ என்று கேட்டிருக்கிறான். நான் அந்த வரியில் வெகுநேரம் நின்றேன். பிறகு பதில் எழுதினேன்: ‘குடிக்கிறேன். வெளியூர்ச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொண்டதா?’ அவன் நெஞ்சைத் திறந்து மூடியிருக்கிறார்கள். நான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல் என்று வழக்கம்போல முடித்தேன். அதை அவன் உங்களிடம் சொல்வான். நீங்கள் வழக்கம்போலத் தலையாட்டுவீர்கள்.

பொட்டலத்தில் என் சாம்பல் நிறப் பேன்ட் இருக்கிறது. இடுப்புப் பட்டி வலப்பக்கம், சரியாக அந்த இடத்தில் அழுத்துகிறது. உட்கார்ந்து வேலை செய்யும்போது வலிக்கிறது. இங்கே தையல்காரர்களிடம் காட்டினால் ஏன் ஒரு பக்கம் மட்டும் என்று கேட்பார்கள். எனக்குச் சொல்லப் பிடிக்காது. உங்களிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கூலி எவ்வளவென்று சீட்டில் எழுதிவிடுங்கள். கடைக்கு வரும் வாடிக்கையாளர்களில் ஒருத்தியாக என்னை வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 27

(பேன்ட்டின் பையில், குண்டூசி குத்திய சீட்டு)

சுண்டெலி,

நீ சொன்ன இடத்தை நீ சொல்லாமலே கண்டுபிடித்திருப்பேன். துணி அங்கே மட்டும் தேய்ந்திருக்கிறது, அடிக்கடி கை வைப்பாய் போல. பட்டியை வலப்பக்கம் பிரித்து, உள்ளே மெல்லிய துணி கொடுத்து, கொஞ்சம் தளர்வாக விட்டிருக்கிறேன். தையல் முடிச்சு எதுவும் அந்தப் பக்கம் வராது. வெளியே பார்த்தால் யாருக்கும் தெரியாது.

அவர் இன்று வாசல்வரை நடந்தார்.

கூலி கிடையாது. உன் மற்றத் துணிகளும் அங்கே அழுத்தும், எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக அனுப்பு, எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்பிவிடாதே.

அண்ணி